ஆறாத கொப்பரை

எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால் எனக்குப் பயம் வரும். இறங்கிவிட்டது என்றால் எல்லோரும் பயப்படுவார்கள், அது நியாயம். ஏறினாலும் பயப்படுவது நீங்கள் மட்டும்தான் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், வியாபாரம் எனக்குத் தெரியாது. விலை ஏறுகிறபோது ஆட்களுடைய புத்தி எப்படி மாறும் என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே லயத்து வரிசை வீட்டில். பதினாறு வயதில் கிள்ளானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி இருக்கும். மாமனார் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறவர். மாமியார் நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான். பிறகு எங்கள் மூத்த மகள்.

வீடும் கொட்டகையும் ஒரே அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் செக்கு, மாடு, கொப்பரை. இந்தப் பக்கம் எங்கள் பாய், அடுப்பு, பிள்ளையின் தொட்டில்.

அந்தத் தெருவில் எண்ணெய் ஆட்டுகிற இடங்கள் இரண்டு. எங்களுடையது ஒன்று. மற்றது எதிர்ப்புறம், மாமனார் ‘தம்பி’ என்று கூப்பிட்டவருடையது. கூடப் பிறந்தவர் இல்லை. இருவரும் ஒரே கப்பலில் வந்து, காசு சேர்த்து ஒரே செக்கு வாங்கி, ஒரே மாட்டை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். விலை மோசமாக இருந்த காலம் முழுக்க ஒன்றாகத்தான் இருந்தார்களாம். விலை ஏறினதும் பிரிந்தார்கள். எதற்குப் பாதி, முழுசும் நமக்கே வரட்டுமே என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கிறது. மாமனார் இன்னொரு செக்கும் மாடுகளும் வாங்கிப் போட்டார். தம்பி கடன்பட்டு எஞ்சின் வைத்துவிட்டார். முன்பு ஒரு செக்கு ஆட்டிய இடத்தில் இப்போது இரண்டு செக்கும் ஒரு எஞ்சினும். அவ்வளவு எண்ணெயும் விற்கும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் விலை விழுந்தது. ரப்பர் விழுந்தது, ஈயம் விழுந்தது, கொப்பரையும் எண்ணெயும் கூடவே விழுந்தன.

விலை விழுந்தால் எதிரே தம்பியின் மில் நின்றுவிடும், சரக்கு குறையும், மறுபடி ஏறும் என்று மாமனார் நினைத்தார். எதிர்ப்பக்கத்திலும் எங்களைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிற்கவில்லை. டின்னுக்குக் கிடைப்பது குறைந்துபோனதால், வயிற்றுப்பாட்டுக்கு இன்னும் நாலு டின் கூட விற்க வேண்டியிருந்தது. அந்த நாலு டின்னும் சந்தைக்குப் போய் விலையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியது. என் வீட்டுக்காரர் காலை ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்கு டின்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து, “இன்னைக்கும் அவங்க ஆளு நமக்கு முன்னாலயே போய் ஒரு காசு கொறைச்சுட்டான்” என்பார். மறுநாள் இவர் ஒரு காசு குறைப்பார்.

கடைசியில் மாமனார் ஒரு முடிவு எடுத்தார். ஆட்டுவதில்லை. கொப்பரை மலிவாகக் கிடைக்கிறபோது வாங்கிக் குவித்து வைப்பது. தம்பி எஞ்சின் கடனுக்காக ஓட்டி ஓட்டி ஒருநாள் ஓய்ந்துபோவார், விலை ஏறும், அன்றைக்கு நம் கொட்டகையில்தான் சரக்கு இருக்கும். கடற்கரைப் பக்கத்தில் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கொட்டகை நிறைந்தது. பலகைச் சுவரை ஒட்டி மூட்டைகள் கூரை வரை எழும்பின. எங்கள் வீட்டிலிருந்த எல்லாமே அந்த மூட்டைகளாக மாறிவிட்டது. என் கழுத்துச் சங்கிலியும் அதில் இருந்தது.

மழைக்காலம் அது. விலை இல்லாததால் தோப்புக்காரர்கள் கொப்பரையைச் சரியாக உலர்த்தவில்லை. கூலி கொடுத்து, சிரட்டை எரித்து, நாலு நாள் காயப்போட்டு விற்றாலும் அதே விலை, இரண்டு நாள் காயப்போட்டாலும் அதே விலை. யார் நாலு நாள் மெனக்கெடுவார்? ஒடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டிய கொப்பரை ரப்பர் மாதிரி வளைந்தது. எதிர் மில்லுக்கும் இதே கொப்பரைதான் போனது. அங்கே வந்த அன்றே எஞ்சினில் விழுந்துவிடும். எங்களிடம் அது படுத்துக் கிடந்தது.

பிள்ளைக்கு அப்போது ஆறு மாசம். ஒருநாள் காலை தொட்டிலைச் சரிசெய்யும்போது என் முதுகு பலகைச் சுவரில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விடியற்காலையில் மழை பெய்து ஊரே குளிர்ந்து கிடந்த நேரம். கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

கொட்டகைக்குப் போய், இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே போகப் போகச் சூடு. கையை எடுத்தபோது வேர்வை பட்டது போல ஈரம், புளித்த வாடை.

யாரிடம் சொல்வது? அந்த நாளில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. வேறு ஆள் வீட்டில் இருந்தால் அவர்கள் மூலமாகச் சொல்லலாம். எங்கள் வீட்டில் பகலில் வேறு ஆள் இல்லை. அதனால் மாட்டிடம் சொல்வேன். செவலை மாட்டைப் பார்த்து, “சோறு ஆக்கியாச்சுன்னு சொல்லு” என்பேன். மாமனாரும் அந்த மாட்டிடமே, “இன்னும் சித்த நேரம் ஆகும்னு சொல்லு” என்பார். இரண்டு வருஷம் நாங்கள் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

அன்றைக்கும் மாட்டிடம் போனேன். மாமனார் பக்கத்தில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

“மூட்டையெல்லாம் சுடுதுன்னு சொல்லு. உள்ள கைய வச்சா சுடுது” என்றேன்.

மாமனார் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. மாட்டின் கழுத்தைத் தட்டி, “சூடு இருந்தாத்தான எண்ணெய் நல்லா எறங்கும். ஆண்டவன் நமக்காக வாட்டி வச்சிருக்கான்னு சொல்லு” என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. செக்கில் போடுவதற்கு முன் கொப்பரையை வெயிலில் காய வைப்பதே அதற்குத்தான். சூடான கொப்பரைதான் முழு எண்ணெய் விடும். சின்ன வயதிலிருந்து கொப்பரை தொட்ட கை அவருடையது. ஆனால் அவர் வாழ்நாளில் கொப்பரையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்ததே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெரியவர் சொல்லிவிட்டார், சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நெஞ்சு மட்டும் கேட்கவில்லை. தொட்டிலைச் சுவரிலிருந்து அவிழ்த்து அடுப்படிப் பக்கம் கட்டினேன். மாமனார் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குப் புகை ஆகாதுன்னு தெரியாதா, கேளு” என்று மாட்டிடம் கேட்டார். நான் முடிச்சை இறுக்கினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அப்பாகிட்ட நான் போய் என்னத்தச் சொல்றது? அவருக்குத் தெரியாததா? நீ சும்மா இரு” என்றார். அவருக்கும் அப்பா என்றால் பயம்.

நாலைந்து நாள் போனது. காலையில் எழுந்ததும் முதல் வேலை சுவரைத் தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடச் சுடும். ஒரு காலை மூட்டைகளின் அடியிலிருந்து வண்டுகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. நீல முதுகும் சிவப்புக் காலுமாக மினுமினுக்கும் சின்ன வண்டுகள். கொப்பரையைத் தின்று அதிலேயே கிடக்கிற ஜாதி, எத்தனை தட்டினாலும் போகாது. அவையே தின்பதை விட்டுவிட்டுக் கிளம்புகின்றன. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குடத்தோடு தெருக் குழாய்க்குப் போனேன். தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கொட்டகையை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் போதும் என்றிருந்தது.

குழாயடியில் எதிர் மில்காரரின் மனைவி இருந்தார். ஆண்கள் பேசிக்கொள்வதில்லை, நாங்கள் இருவரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் பேசுவோம். அத்தை என்று கூப்பிடுவேன். வாய்த் துடுக்கு ஜாஸ்தி.

“என்னாடி, ஒங்க வீட்டு மாடெல்லாம் தின்னுட்டு நல்லாத் தூங்குதாமே? எங்க எஞ்சினுக்குத்தான் தூக்கமே இல்ல.”

நான் சிரிக்கவில்லை.

“எஞ்சின நிறுத்தினா ஒண்ணும் தின்னாது. மாட்ட நிறுத்தினாலும் அது தின்னும். எத்தன நாளைக்கு வச்சுத் தீனி போடுவாரு ஒங்க மாமனாரு? ஏன்டி, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு?”

எதிரி வீட்டுக்காரியிடம் வீட்டுச் சரக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். எங்களிடம் எவ்வளவு கொப்பரை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் கட்டளை. தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது. “அத்தே, எங்க கொப்பரை சுடுது.”

“வெயில்ல வச்சிருந்தீங்களா?”

“இல்ல. காலையில, மழைக்கு அப்புறமும் சுடுது. வண்டெல்லாம் வெளிய வருது.”

அவர் கையில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“என் கூடப் பொறந்தவன் தொங்கான் படகுல வேலை பாத்தான். கொப்பரை ஏத்திக்கிட்டு வந்த தொங்கான். யாரும் நெருப்பு வைக்கல, பீடி குடிக்கல. கடல் நடுவுல தன்னால பத்திக்கிச்சு. சுத்தித் தண்ணிடி. அதுக்குள்ளதான் எரிஞ்சான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வெயில் குடுத்த சூடு ராத்திரில ஆறிரும். ஆறாத சூடு உள்ளேருந்து வருது. போய்ச் சொல்லு. ஒன் வாயால சொல்லு, மாட்டுகிட்ட சொல்லாத.”

எங்கள் வீட்டு மாட்டுப் பேச்சு தெருவுக்கே தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் திரும்பி நடக்கும்போது பின்னால் இருந்து, “இத எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லாம இருக்க முடியாது, கேட்டுக்க” என்றார்.

இப்போது பயம் இரண்டானது. கொட்டகை எரியும் என்ற பயம் ஒன்று. வீட்டு ரகசியத்தை எதிரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் என்று பெயர் எடுப்பேன் என்ற பயம் இன்னொன்று. எது பெரிசு என்று இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு, அந்தத் தெருவைக் கடந்த நேரத்தில், எனக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மாமனார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பழைய பாக்கி வசூலிக்க ரயிலேறிப் போயிருந்தார். நான் மாட்டைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன். முக்காட்டை இழுத்துக்கொண்டேன், ஆனால் நின்றேன்.

“மாமா, கொப்பரை பத்திக்கப் போவுது.”

அவர் தலை நிமிரவில்லை. கை மட்டும் கயிற்றில் நின்றுவிட்டது.

“எதுத்த வீட்டு அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். தப்புதான். பிள்ளை இருக்கு, மாமா.”

அவர் எழுந்தார். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டி உள்ளே போனார். மூட்டைகளின் நடுவில் தோள் வரைக்கும் கையை விட்டார். உடனே வெளியே இழுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அந்தக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஏதோ ஒட்டிக்கொண்டது போல.

“பிள்ளையத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போ” என்றார். மாட்டிடம் இல்லை, என்னிடம்.

போனேன். அவரும் இரண்டு கூலிக்காரர்களும் மேல் மூட்டைகளைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். நடுவே போனதும் புகை வந்தது. காற்றுப் படப்பட நெருப்பு பிடிக்கும் என்று கூலிக்காரர் ஒருவர் கத்தினார். எடுக்கவும் பயம், விடவும் பயம். மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு அலறின.

அப்போது எதிர் மில்லில் எஞ்சின் சத்தம் நின்றது. காலையிலிருந்து பொழுதுசாய ஒரே மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. தம்பி தன் ஆட்கள் அத்தனை பேரோடும் வாளிகளோடும் தெருவைக் கடந்து வந்தார்.

மாமனார் கரி பூசின முகத்தோடு வாசலில் நின்றார். “என்ன தம்பி, வேடிக்க பாக்க வந்தியா?”

“காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்கண்ணே. எங் கூரையும் அத்தாப்புதான். தள்ளுங்க.”

அதற்குமேல் பேச்சு இல்லை. ஒரு மூட்டையைப் பிடுங்கும் முன் சுற்றிலும் தண்ணீர் ஊற்றினார்கள், பிடுங்கினதும் தெருவுக்கு ஓடி அவிழ்த்துக் கொட்டினார்கள். நடு மூட்டைகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலது தெருவில் கொட்டினதும் குப்பென்று பற்றிக்கொண்டன. நான் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு குழாயடியில் நின்றேன். அத்தை என் பக்கத்தில் நின்று குடம் குடமாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கூரை மட்டும் பிழைத்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மூன்றில் ஒரு பங்கு சாம்பலும் கரியுமாகப் போனது. மீதியை இனி அதிக நாள் வைத்திருக்க முடியாது. எங்கள் இரண்டு செக்கும் அதை ஆட்டி முடிக்க மாசக்கணக்கில் ஆகும். எஞ்சினால்தான் முடியும். மாமனார் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

கேட்கும் முன் தம்பியே சொன்னார். “நான் ஆட்டித் தாரேன். எண்ணெய்ல பாதி எனக்கு. பிண்ணாக்கு முழுசும் எனக்கு.”

“பிண்ணாக்கும் எடுத்துக்கிட்டா எம் மாடு என்னாத்த திங்கும்?”

“ஏண்ணே, இன்னும் மாட்ட வச்சு என்னா பண்ணப் போறீங்க?”

மாமனார் சரி என்று தலையாட்டினார். நான் அன்றைக்குப் பயந்தது மாதிரி எப்போதும் பயந்ததில்லை. நெருப்புக்கூட அணைந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த விதம்தான் பயமாக இருந்தது.

எஞ்சின் ராத்திரி பகலாக ஓடியது, நாலு நாள். அவ்வளவு எண்ணெயும் ஒரே வாரத்தில் கிள்ளான் சந்தைக்கும் கோலாலம்பூருக்கும் போனது. விலை இருந்த இடத்திலிருந்து இன்னும் பாதாளத்துக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸில் என் அம்மா வீட்டுப் பக்கம் பெண்கள் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டார்களாம். வாங்கினவர்களுக்கு யோகம். தம்பி ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, “ஒங்க எண்ணெய நானே ஆட்டி, எம் விலைய நானே எறக்கிட்டேண்ணே” என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரிந்த பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

விலை அப்படியே கிடந்தது. தோப்புக்காரர்கள் தேங்காயைப் பறிக்கவே வரவில்லை, விழுந்தது விழுந்த இடத்தில் முளைத்தது. அதற்குப் பிறகுதான், கொப்பரையே இல்லாமல் போன பிறகுதான், விலை ஏறியது. ஏறின அன்றைக்கு எங்களிடமும் ஒன்றுமில்லை, அவர்களிடமும் ஒன்றுமில்லை. எஞ்சினுக்குக் கடன் கட்டக் காசு இல்லை, விற்றுவிட்டதால் செக்குக்கு மாடு இல்லை. இரண்டு பேரும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தார்கள். பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக நிற்க இரண்டு பேருக்கும் முடியவில்லை.

இன்னும் சில வருஷம் போய் விலை நன்றாக மேலே வந்தது. கடற்கரைப் பக்கம் மூன்று புது மில் எழும்பியது. எங்கள் மில்லில் அன்றைக்கு எல்லோருக்கும் பலகாரம். தம்பி தெரு முழுக்கக் கேட்கப் பேசினார். “இன்னொரு எஞ்சின் போடுவோம்ணே. பெரிய கொட்டகையாக் கட்டி, மழைக்காலத்துல மலிவா வாங்கிப் போட்டு வச்சிருவோம்.” என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் பேசுகிற அதே பேச்சைத்தான் இந்த நேரத்தில் அந்த மூன்று மில்லிலும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

மாமனார் எழுந்தார். அடுப்படி வாசலுக்கு வந்து நின்று, “எத்தன நாள் சரக்கு வைக்கலாம்?” என்று என்னைக் கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எஞ்சின் ஒரு வாரத்துல ஆட்டி முடிக்கிற அளவுதான், மாமா.”

“இன்னொரு எஞ்சின்?”

“எனக்குப் பயமா இருக்கு, மாமா.”

தம்பி சிரித்தார். “பயப்படுற ஆளக் கேட்டு யாராச்சும் யாவாரம் பண்ணுவாங்களாண்ணே?”

மாமனார் என் பேச்சையே எடுத்துக்கொண்டார். ஒரு வாரச் சரக்கு, ஒரே எஞ்சின் என்று முடிவானது. அதனால் அந்த வருஷம் மற்ற மூன்று மில்காரர்களும் சம்பாதித்ததில் பாதிகூட நாங்கள் சம்பாதிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பல வருஷம் அதைச் சொல்லிக் காட்டினார். அடுத்த விலை இறக்கத்தில் அந்த மூன்றில் இரண்டு பூட்டிக் கிடந்ததை அவர் சொல்ல மாட்டார். அந்தப் பூட்டைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வரவில்லை. அங்கேயும் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி பிள்ளையோடு இருந்திருப்பாள். அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.